இரண்டு சகலைகள் விலை கேட்ட வீடு

வீடு தேடப் போன இடத்தில் பிரேக் முதல் அடி வாங்கியது மூன்றாவது வீட்டு வாசலில். அடித்தது யாரென்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

பதினெட்டு வருஷமாக பஸ் பணிமனையில் பிரேக் பிரிவு மெக்கானிக். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. "ஊர் பஸ்ஸுக்கெல்லாம் பிரேக் புடிக்க வெப்பான், அவனுக்குத்தான் புடிக்காது" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சிரிக்க ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. கோபம் வந்தால் அவனுக்குக் கை முந்திக்கொள்ளும். வாய் பிறகு சாவகாசமாக வந்து சேரும்.

அவனும் மனைவியும் மகளும் குடியிருந்த மாடிப் போர்ஷனைக் காலி பண்ணச் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. வாடகைக்கு இன்னொரு இடம் தேடுவதற்குப் பதில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஊரில் பாதிப் பேர் அதே யோசனையில் இருந்தார்கள். காலையில் விற்பனைப் பலகை மாட்டினால் சாயங்காலம் பலகையைக் கழற்றிவிடுவார்கள்.

அந்த மூன்றாவது வீட்டின் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்தார்கள். யாருடைய முழங்கையோ பிரேக்கின் வாயில் இறங்கியது. துப்பிப் பார்த்தால் உள்ளங்கையில் ரத்தமும் பாதிப் பல்லும். அவன் திரும்பினான். கைக்கு எட்டிய முதல் ஆளின் கழுத்தைப் பிடித்துக் கேட்டோடு சேர்த்து அழுத்தினான். அந்த ஆளின் கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. முகம் கறுத்தது. பிரேக்கின் மனைவி பின்னாலிருந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டான். இருமிக்கொண்டே தரையில் உட்கார்ந்த அந்த ஆள் வீடு வாங்க வந்தவரே இல்லை. வீட்டை விற்பவரின் மச்சினன். கேட்டைத் திறந்துவிட வந்தவர்.

அந்த வீடு அத்தோடு போயிற்று.

மறுநாள், அவர்களுக்கு வீடு காட்டிக்கொண்டிருந்த தரகரம்மா அவர்கள் இருவரையும் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. தரகு வேலைக்கு வருமுன் கணக்கு டீச்சராக இருந்தவள். யாரைப் பார்த்தாலும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாளோ என்று தோன்றும்.

"தம்பி, வீடு வாங்கப் போறீங்களா, ஆளைக் கொல்லப் போறீங்களா? ஒண்ணைத் தீர்மானம் பண்ணிக்கிட்டு வாங்க."

வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் பிரேக் தலையை மட்டும் குனிந்துகொண்டான்.

"நான் சொல்றதைக் கேட்டா வீடு கிடைக்கும். கேக்கலைன்னா இன்னும் பல்லுதான் போகும். முதல்ல பேங்க்ல கடன் தர்றோம்னு எழுதின கடிதத்தைக் கையில வாங்கி வெச்சுக்குங்க. அது இல்லாம வர்றவங்களை விக்கிறவன் வேடிக்கை பாக்க வந்தவனாத்தான் நினைப்பான். வீட்டுக்காரன் எதிர்ல 'ஐயோ எவ்வளவு வெளிச்சம்'னு வாயைப் பிளக்காதீங்க. காலையில ஒரு தடவை பாருங்க, சாயங்காலம் ஒரு தடவை பாருங்க, மழை பெய்யுறப்ப வேலையை விட்டுட்டு ஓடிவந்து பாருங்க. உங்களால எது வரைக்கும் ஏற முடியும்னு நீங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே ஒரு நம்பர் பேசி முடிச்சிடுங்க. அந்த நம்பர் மூணாவது காதுக்குப் போகக் கூடாது. கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் சரி."

தரகரம்மா இதைச் சொல்லும்போது பிரேக்கின் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவளும் அவள் அக்காவும் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது போனில் பேசாமல் இருந்ததில்லை.

"இன்னொண்ணு. இப்பல்லாம் புதுசா ஒண்ணு கிளப்பியிருக்காங்க. கட்டடத்தைச் சோதிக்கிற ஆள் வேண்டாம், இருக்கிறபடியே எடுத்துக்கிறேன்னு எழுதிக் குடுத்தா வீடு உங்களுக்குத்தான்னு ஆசை காட்டுவாங்க. தலையே போனாலும் குடுக்காதீங்க. ஓட்டையை மறைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்."

பஞ்சுக்குள்ளிருந்து பிரேக் சரி என்றான்.

நான்காவது வீட்டை மழையில் போய்ப் பார்த்தார்கள். கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தரகரம்மா வாழ்க என்று ஓடிவந்துவிட்டார்கள். ஐந்தாவது வீடு நூலிழையில் தவறியது. ஆறாவதாக வந்தது மேட்டுத் தெருவின் கோடியிலிருந்த மாடி வீடு.

அதைப் பார்த்ததும் பிரேக்குக்கு வாயைப் பிளக்காமல் இருப்பதே பெரும்பாடாகிவிட்டது. கீழே கூடமும் சமையலறையும். கூடத்திலிருந்து மேலே போக மரப்படி. மாடியில் இரண்டு அறைகள், ஒன்று மகளுக்கு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. அவனுடைய கருவிகளையெல்லாம் பரப்பி வைத்தாலும் பாதி இடம் மிஞ்சும். எல்லாச் சுவரிலும் புதுப் பெயின்ட் வாசனை. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் விலையை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தரவேண்டும். அன்று காலை கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று விற்பவர் சொல்லியிருந்தார்.

கணவனும் மனைவியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நம்பரை முடிவு செய்தார்கள். மொட்டையாக முடியக் கூடாது, யாராவது அதே விலை சொல்லிவிடுவார்கள் என்று மகள் பிறந்த தேதியைக் கடைசி இலக்கங்களாகச் சேர்த்தாள் மனைவி. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் போனபோது கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஓர் இளம் ஜோடி ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டிருந்தது. மாடிப்படியின் உச்சியில், இரும்பு அளவு நாடாவைச் சரக்கென்று இழுத்து விட்டபடி நின்றுகொண்டிருந்தார் பிரேக்கின் சகலை. மனைவியின் அக்கா கணவர்.

சகலைக்கு டைல்ஸ் கடை. பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பதினைந்து வருஷப் பழக்கத்தில் இரண்டு பேருக்கும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. பிரேக்கின் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவெல்லாம் சுற்றியவர். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் "நம்ம சகல எப்பவும் பஸ்ஸுக்கு அடியிலதான் படுக்கை" என்று ஒரு கேலியை எடுத்துவிடாமல் இருக்க அவரால் முடியாது. பிரேக் அதைப் பதினைந்து வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கி வந்தான்.

அவன் படியேறினான். "நீங்க எங்க சகல இங்க?"

"பையனுக்கு ஒரு வீடு பாக்கணும்ல. நல்ல வீடுன்னு காதுல விழுந்துச்சு."

"யார் காதுல?"

சகலை சிரித்தார். குரலைத் தணித்துக்கொண்டு, ஏதோ நல்லது செய்கிற மாதிரி சொன்னார்: "உன் நம்பர் எனக்குத் தெரியும்பா. அதுக்கு மேல உன்னால ஏற முடியாது. கடைசியில பாப்பா பொறந்த தேதி வேற. நல்லாத்தான் இருக்கு. நான் அதுக்கு மேல போட்டுக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதே. பஸ்ஸுக்கு அடியில படுக்கிறவனுக்கு மாடி எதுக்கு?"

பிரேக் திரும்பிக் கீழே பார்த்தான். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவன் கை முந்தியது. முதல் குத்து சகலையின் மூக்கில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் கூடம்வரை கேட்டது. வெள்ளைச் சட்டை நெஞ்சு வரை சிவந்தது. இரண்டாவது குத்து வாயில். மூன்றாவதுக்கு முன்னால் சகலை சுதாரித்துக்கொண்டார். கையிலிருந்த இரும்பு நாடாவைச் சாட்டை மாதிரி வீசினார். அது பிரேக்கின் கன்னத்தைக் காதிலிருந்து தாடைவரை கிழித்தது. அவன் ரத்தத்தைத் துடைப்பதற்குள் சகலை முழு உடம்பையும் அவன் மேல் போட்டுச் சாய்த்துக் காதைக் கடித்தார். பிரேக் அலறினான். முழங்காலை மடக்கி அவர் வயிற்றில் ஏற்றினான், இன்னொரு முறை ஏற்றினான். கீழே யாரோ பிடிங்க பிடிங்க என்று கத்தினார்கள். பிடிக்க ஒருத்தரும் ஏறவில்லை.

"விடுங்க! ரெண்டு பேரும் விடுங்க! தப்பு என்னோடதுதான்!" என்று மனைவி கீழேயிருந்து கதறினாள்.

பிரேக் கேட்கும் நிலையில் இல்லை. சகலையின் தலைமுடியைப் பிடித்துப் படியின் கைப்பிடிச் சட்டத்தில் மோதினான். ஒரு தடவை. மறுபடி. மூன்றாம் முறை மோதியபோது சட்டம் பிஸ்கட் மாதிரி இரண்டாக முறிந்தது. சகலை பின்பக்கமாகச் சரிந்து கூடத்துத் தரையில் விழுந்தார். அவர் விழுந்த அதிர்வில் மரப்படியின் மேல் பாதி சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு, மெல்ல முனகிவிட்டு, அப்படியே அவர் கால் மேல் இறங்கியது.

அவர் போட்ட சத்தத்தை அந்தத் தெருவில் அன்று இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு சதையைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

பிரேக் சுவரோடு ஒட்டியிருந்த படித்துண்டில் தொங்கி, குதித்து இறங்கினான். அதற்குள் வீட்டை விற்பவர் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். ஒல்லியான, இஸ்திரி கலையாத மனிதர். "என் வீட்டை இடிச்சிட்டானே பாவி!" என்று மண்வெட்டிப் பிடியால் பிரேக்கின் முதுகில் ஓங்கிப் போட்டார். தோள்பட்டையில் இன்னொன்று. அவர் மண்வெட்டியைத் திருப்பி இரும்புப் பக்கத்தை ஓங்கியபோது பிரேக்கின் மனைவி குறுக்கே பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். குறி தப்பி மண்வெட்டி சுவரில் இறங்கியது.

சுவரில் அடித்திருந்த பலகை ஒரு முழம் அகலத்துக்கு உதிர்ந்தது. உள்ளே கட்டை இருக்கவேண்டிய இடத்தில் தூள்தான் இருந்தது. அந்தத் தூளிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கரையான் கொட்டியது. தரையில் விழுந்து, சகலையின் ரத்தத்தை நோக்கி ஊர்ந்தது.

விற்பவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அந்த ஓட்டையைத் தன் உள்ளங்கையால் மூடப் பார்த்தார்.

பிரேக்கின் தலைக்குள் இருந்த சூடு அப்போதுதான் இறங்கியது. சகலையின் முகம் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பத்து டன் பஸ்ஸுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்ட ஆட்களை அவன் பார்த்திருக்கிறான். நாலு பேர் சேர்ந்து இழுத்தால் கால் அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும்தான் வருவான். "யாரும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டு வண்டிக்கு ஓடி ஜாக்கியைத் தூக்கி வந்தான். காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. படிச்சட்டத்தின் அடியில் உறுதியான இடம் தேடினான். தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. கடைசியில் சமையலறையிலிருந்து அம்மிக்கல் கனத்துக்கு ஒரு கல்லைப் புரட்டி வந்து வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, விரற்கடை விரற்கடையாக ஏற்றினான்.

"சகல, மூச்சை இழுத்து விடுங்க. என்னைப் பாருங்க. காலைப் பாக்காதீங்க."

"கொன்னுட்டியேடா," என்றார் சகலை.

"இன்னும் கொல்லலை. பேசாம இருங்க." தன் பெல்ட்டைக் கழற்றி அவர் தொடையில் இறுக்கிக் கட்டினான். மனைவி அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆம்புலன்ஸ் வருமுன், திரைச்சீலைக்கு அளவெடுத்த ஜோடியில் ஆண், ரத்தத்தை மிதிக்காமல் சுற்றிவந்து விற்பவர் பக்கத்தில் நின்றான்.

"சார், பன்னிரண்டு மணிக்குத்தானே முடியுது? எங்க கவர் இதோ. சோதனை வேண்டாம்னே எழுதியிருக்கோம்."

சத்தம் கேட்டுக் கீழ்த்தெருவிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்த தரகரம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா வந்ததும் வராததுமாகத் தங்கையின் கன்னத்தில் அறைந்தாள். மோதிரம் பட்டு உதடு கிழிந்தது.

"உன் புருஷன் மனுஷனா மிருகமா? அவர் காலைப் பாத்தியாடி?"

"நம்பரை உன்கிட்ட மட்டும்தானேக்கா சொன்னேன்."

"நான் கேட்டேன். நீ ஏன்டி சொன்ன?"

அக்கா மறுபடி கையை ஓங்கினாள். அறையவில்லை. ஓங்கிய கையைத் தன் தலையில் அடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சகலையின் காலில் இரும்புக் கம்பி வைத்த மூன்றாம் நாள் பெண் போலீஸ் அதிகாரி ஒருத்தி வாக்குமூலம் வாங்க வந்தாள். படி உளுத்துப்போயிருந்ததால் தவறி விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம், விற்பவர் மேல் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று வக்கீல் ஒருவர் சகலைக்கு யோசனை சொல்லியிருந்தார். சகலை ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் அடிச்சான். நானும் கடிச்சேன், நாடாவால வீசினேன். படி உளுத்ததும் நிஜம். ஜாக்கி வெச்சுத் தூக்கினதும் அவன்தான். எல்லாத்தையும் எழுதிக்குங்க. எதையும் விடாதீங்க."

பிரேக்கும் எதையும் மறுக்கவில்லை. நான்கு வாரம் ஜெயிலில் இருந்தான். முதல் வாரத்திலேயே இடம் பிடிப்பதில் தகராறு வந்து, பக்கத்துப் படுக்கைக்காரன் அவன் தையல் போட்ட காதைப் பிடித்துத் திருகினான். தையல் பிரிந்து ரத்தம் கொட்டியது. பிரேக் திருப்பி அடிக்கவில்லை. நல்லெண்ணம் எதுவும் காரணமில்லை. கை தூக்கினால் அந்த எலும்பு நொறுங்கின சத்தம் காதுக்குள் கேட்டது, கை தானாகக் கீழே விழுந்தது. வெளியே வந்தபோது பணிமனை வேலை மட்டும் போகாமல் தப்பியிருந்தது. பேங்க் கடிதம் காலாவதியாகியிருந்தது. மகள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் "பெரியப்பாவுக்குக் கால் சரியாயிடுமா?" என்று கேட்டாள். தெரியலை என்றான்.

மேட்டுத் தெரு வீட்டை அந்த ஜோடிதான் வாங்கியது. அத்தனை ரத்தத்தையும் கரையானையும் கண்ணால் பார்த்த பிறகும், எழுதின விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தே வாங்கினார்கள் என்று தரகரம்மா சொன்னாள். இன்னும் அஸ்திவாரத்தை யாரும் தோண்டிப் பார்க்கவில்லையாம்.

வேறொரு வாடகை இடத்தில் ஒரு வருஷம் ஓடியது. புது பேங்க் கடிதம் வாங்க ஏழு முறை நடந்தார்கள். மறுபடி வரிசைகளில் நின்றார்கள். ஒன்பதாவது வீட்டில் ஒருவன் பிரேக்கின் விலாவில் இடித்துத் தள்ளிக்கொண்டு போனான். பிரேக் வெளியே வந்து, தெருவோரச் சாக்கடைக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மனைவி மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வேண்டாங்க, சுவரெல்லாம் ஓதம்" என்றாள்.

பதினோராவது வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். மாடி கிடையாது. ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும். அதற்கும் போட்டி இருந்தது. இன்னொரு குடும்பம் அதிக விலைக்குத் தயாராக நின்றது.

"விலையிலயே முட்டிக்கிட்டு நிக்காதீங்க," என்றாள் தரகரம்மா. "விக்கிறவங்களுக்கு வேற என்ன வேணும்னு போய்க் கேளுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

பிரேக்கின் மனைவி போய்க் கேட்டாள். விற்கிற அம்மாளுக்கு மகனின் பரீட்சை முடியும்வரை, மூன்று மாதம், அங்கேயே இருக்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் உடனே காலி பண்ணச் சொன்னார்கள். நாங்கள் காத்திருக்கிறோம் என்றாள் இவள். அந்த ஒரு பேச்சில் வீடு படிந்தது. கட்டடம் சோதிக்கிற ஆள் இரண்டு மணி நேரம் கூரைக்குள் தவழ்ந்துவிட்டு, ஒட்டடையோடு இறங்கி வந்து, தண்ணீர்க் குழாயை மாற்றச் சொன்னான். வேறு குறை இல்லை என்றான். பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தரகரம்மாவே வரி வரியாகப் படித்துப் பார்த்தாள்.

குடிவந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சகலை ஊன்றுகோலோடு இறங்கினார். மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒரு கால் குட்டை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரேக் எதிரே போய் நின்றான். அவன் காதில் பாதி இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள வாங்க சகல."

"மாடி இல்லையே?"

"இல்லை."

"அப்ப உள்ள வரேன்."

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ரயில் போகும்வரை டம்ளர்கள் ஆடுவதைப் பார்த்தார். பிறகு, "நான் செஞ்சதும் அசிங்கம்தான். உன் நம்பரைக் கேட்டு வாங்கினது நான். என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிக் கேக்க வெச்சதே நான்தான்" என்றார். நாம் இருவரும் சேர்ந்து செய்ததுதான் என்றோ, காலுக்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள் என்றோ பிரேக் ஏதாவது சொல்லியிருக்கலாம். கையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"அடிச்ச கை சும்மாதானே தொங்குது. ஒரு டீ போட்டுக் குடு," என்றார் சகலை.

அவன் போட்டான். மனைவி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காரில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஏற்றியே இருந்தது. தங்கை கண்ணாடிக்குப் பக்கத்தில் டம்ளரை நீட்டியபடி நின்றாள். அக்கா நேராக முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயில் ஆடை படிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை கேட்டில் சாய்ந்துகொண்டு, அந்த ஆறிப்போன டீயைத் தானே குடித்தாள். குடித்து முடித்தும் உள்ளே வரவில்லை. கார் கிளம்பும்வரை அங்கேயே நின்றாள்.